சலுகை அறை

"சலுகை ரூம் ரெண்டும் போயிடுச்சும்மா. முழு வாடகைன்னா ரூம் இருக்கு."

ரிசப்ஷனிஸ்ட் சொன்னது லிஃப்டுக்குக் காத்திருந்த கூப்பன் சாரின் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தார்.

கூப்பன் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். முழு விலை கொடுத்து அவர் எதையும் வாங்கியதாகச் சரித்திரம் கிடையாது. இரண்டு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வந்த இந்தப் பயணத்துக்குக்கூட, நாலைந்து தள்ளுபடித் தளங்களைக் குடைந்து இந்த ஓட்டலில் பாதி வாடகைக்கு அறை பிடித்திருந்தார். ரயிலில் வந்த வழியெல்லாம் அந்தப் பெருமையைக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது.

மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு கையில் எக்ஸ்ரே உறை, இன்னொரு கையில் வாளி, வாளிக்குள் ஃபிளாஸ்க். எதிர்ப்புறம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அவள் கணவனுக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் வந்து நிற்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாளாம். மூன்று நாளாக வார்டுக்கு வெளியே பெஞ்சில் தூங்கியவளை இனி இங்கே படுக்கக்கூடாது என்று காவலாளி எழுப்பி அனுப்பிவிட்டாராம். இதையெல்லாம் தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தாள். முழு வாடகையைக் கேட்டதும் வாசல் பக்கம் திரும்பினாள்.

கூப்பன் சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஊர் வம்பு நமக்கெதுக்கு என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு மேஜைக்கு வந்தார்.

"நீ நில்லு தங்கச்சி. எங்கேயும் போகாத. நான் பேசறேன்."

மேஜைக்குப் பின்னால் ஒரு பலகை மாட்டியிருந்தது. நோயாளிகளோடு வருகிறவர்களுக்குத் தினமும் இரண்டு அறைகள் பாதி வாடகையில் தரப்படும் என்று எழுதியிருந்தது.

"இது என்ன, அழகுக்கு மாட்டி வச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். ரெண்டுமே ஆன்லைன்ல புக் ஆயிடுச்சு. நீங்க ரூமுக்குப் போங்க சார். இவங்களுக்கு வேற ஏதாவது வழி பண்ண முடியுமான்னு நான் பார்க்கறேன்."

ரூமுக்குப் போங்க என்றதுதான் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் கடை விரித்துக்கொண்டு நோயாளிகளை வைத்துப் பிழைக்கிற கூட்டம் என்றார். இப்போதே வீடியோ எடுத்துப் போடுவேன், ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுப்பேன், அதுவும் ஜீரோ கொடுக்க வழியில்லை என்பதால் என்றார். சோபாவில் இருந்த இரண்டு பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கி, இவர் சொல்வது நியாயம் என்பது போலத் தலையாட்டினார்கள். ஆள் சேர்ந்ததும் அவர் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

ரிசப்ஷனிஸ்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், சொன்னா கேளுங்க. மேல போயிடுங்க."

"போக முடியாது. அந்த ரூமை யாருக்குக் குடுத்தீங்க? உங்க முதலாளி மச்சானுக்கா? வீட்ல யாராவது ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு காகிதம் பார்த்தீங்களா?"

"காகிதம் கேட்கறதில்ல சார். கஷ்டத்துல வர்றவங்ககிட்ட அத்தாட்சி கேட்டு நோகடிக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்லியிருக்கார். புக் பண்ணும்போது 'நோயாளியின் உறவினர்'னு ஒரு கட்டம் வரும். அதுல டிக் அடிச்சா நம்பிடுவோம்."

"நல்லா நம்பினீங்க. எவனோ ஒருத்தன் டிக் அடிச்சுட்டு உள்ள கால் நீட்டிப் படுப்பான். இந்தப் பொண்ணு வாளியைத் தூக்கிட்டு நடுத்தெருவுல நிக்கணும். அடுத்தவன் நோவைச் சொல்லி ரூம் பிடிக்கறவன் மனுஷனா? அவனை இங்க கூப்பிடுங்க. நாலு பேர் முன்னாடி நான் கேட்கறேன்."

ரிசப்ஷனிஸ்ட் அவர் மனைவியைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் தன்னால் ஆகிறது ஒன்றுமில்லை என்பது போல ரிசப்ஷனிஸ்ட் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஒரு ரூம்ல ஒரு பெரியவர் இருக்கார். அவர் பேத்தி ஆஸ்பத்திரியில இருக்கு. இன்னொரு ரூமுக்கு நேத்து சாயங்காலம் டிக் அடிச்சது நீங்கதான் சார்."

கூப்பன் சார் குனிந்து திரையைப் பார்த்தார். வரிசையாக வந்த கட்டங்களில் ஒன்றைத் தொட்டதும் வாடகை பாதியாக விழுந்ததும், சமையலறையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டியதும் நினைவுக்கு வந்தன. அந்தக் கட்டத்துக்கு நேரே எழுதியிருந்ததை அவர் படித்துவிட்டுத்தான் தொட்டார்.

சோபாவில் இருந்தவர்கள் மறுபடி செல்போனுக்குள் குனிந்துகொண்டார்கள்.

அந்தப் பெண் மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்தாள். இவ்வளவு நேரம் தனக்காகச் சண்டை போட்ட மனிதரைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களுக்கும் இதே கஷ்டம்தானாண்ணா? இதுல எனக்காக வேற பேசினீங்களே. உங்க வீட்ல யாருக்குண்ணா உடம்பு சரியில்ல?"