மூன்றாவது வண்டி

மூன்றாவது வண்டியை உருட்டிப் பார்த்தபோதே, இன்று வெறுங்கையோடு வீடு திரும்பப் போவதில்லை என்று ஐலிக்குத் தெரிந்துவிட்டது.

சைக்கிள் கடைப் பையன் டேரனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. கோடைக்கு மட்டும் காப்பர் ஹார்பருக்கு வேலைக்கு வந்தவன். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"மொதல்ல ஓட்டினதே ஒனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. ஏத்தத்துல இழுக்காது, எறக்கத்துல ஒதறாது. இன்னும் என்னத்தத் தேடுற?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. மூன்றுமே காட்டுப் பாதைக்கென்று செய்த சைக்கிள்கள். முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் ஷாக் உண்டு. மலிவும் இல்லை, கையைச் சுடும் விலையும் இல்லை. முதலாவது எடை குறைவு. இரண்டாவதன் பிரேக், விரல் பட்டாலே பிடிக்கும். மூன்றாவதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சற்றுக் கனம். கடுகு நிறம்.

குளிர்காலத்தில், ஜன்னல் பாதி பனியில் மூழ்கிக் கிடந்த நாட்களிலெல்லாம், ஐலி இவற்றைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியின் அகலம், சட்டத்தின் சாய்வு, டயரின் பல், எல்லாம் அத்துப்படி. படித்ததெல்லாம் முதல் வண்டியைத்தான் கைகாட்டியது.

ஆனால் தீர்ப்பு அவளுடையது இல்லை. வாசல் பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த தம்பி ரெய்னோவுடையது.

சின்ன வயதிலிருந்தே அவன் முன்னால், அவள் பின்னால். அவனுடைய டயர் கிளப்பும் புழுதியைத் தின்றே அவள் ஓட்டப் பழகினாள். போன கோடையிலிருந்துதான் வரிசை மாறியிருந்தது.

போன ஞாயிறு, காட்டுப் பாதை இறக்கத்தின் இரண்டாவது வளைவில் ஐலி திரும்பினாள். பின்னால் வந்த ரெய்னோ திரும்பவில்லை. நேரே போய் ஒரு பிர்ச் மரத்தில் மோதினான்.

எழுந்து, முட்டியில் வழிந்ததைச் சட்டையால் ஒற்றிக்கொண்டே சொன்னான்: "உன் வண்டி சரியில்ல ஐலி. வேற வாங்கு. அதுவும் ஒத்துவரலன்னா என் வண்டிய வித்துடு. இனிமே நான் காட்டுப் பக்கமே வர மாட்டேன்."

விழுந்தவன் அவன், பழி அவள் வண்டிமேல். ஐலி அன்றைக்கே பழைய வண்டியின் பெடல்களைக் கழற்றினாள்.

அதனால்தான் இன்று ஒவ்வொரு வண்டியையும் கடைக்குப் பக்கத்துச் சரிவில் மேலே ஓட்டிப்போய், மிதிப்பதை நிறுத்தி, பெஞ்சை ஒட்டி உருண்டு வந்தாள். முதல் வண்டிக்கு ரெய்னோ உதட்டைப் பிதுக்கினான். இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

மூன்றாவது வந்தபோது மெல்வதை நிறுத்தினான். விரலை நீட்டினான். "இது."

"ஏறிக்கூடப் பாக்காம, உக்காந்த எடத்துலேர்ந்தே எடை போடுறாரே உன் தம்பி. பெரிய கைதான்," என்றான் டேரன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா யோசிச்சுக்க. அந்தப் பின்சக்கர ஃப்ரீவீல் இருக்கே, மிதிக்கிறத நிறுத்தினா அது போடுற சத்தம் காதைக் கிழிக்கும். கரடியெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டு ஓடிடும்."

"ஓடட்டும். பில்லைப் போடு."

இந்த மாதிரி வண்டிகளோடு பெடல் வராது. அவரவர் பழகிய பெடலைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஐலி பழைய வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த பெடல்களை எடுக்கத் தன் டிரக்குக்குப் போனாள். திரும்பியபோது டேரன் பின்சக்கரத்தை மாட்டி இறுக்கிக்கொண்டிருந்தான். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவன்போல அவனுக்குள் ஒரு சிரிப்பு.

பெடலை முடுக்கினாள். சரிவில் ஏறினாள். இப்போது இது அவளுடைய வண்டி.

மேலே திரும்பி, கால்களை நிறுத்தி, உருண்டு வந்தாள். ஷாக் மெத்தென்று அமுங்கியது. டயர் தார்ச்சாலையில் வழுக்கிக்கொண்டு வந்தது. பெஞ்சுக்கு நேர் எதிரே, தம்பியின் முட்டியை இடித்துவிடும் தூரத்தில் நின்றாள்.

உச்சி வெயில். தெருவில் வேறு யாருமில்லை.

ரெய்னோவின் முகம் இன்னும் சரிவின் உச்சியைப் பார்த்தே இருந்தது.

"என்ன ஐலி, மேலயே நின்னுட்ட?" என்று உரக்கக் கத்தினான். "பயமா இருந்தா தள்ளிட்டு வா."

ஐலி குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

டேரன் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். "எப்படி நம்ம கைவேலை? ஃப்ரீவீல் உள்ள நல்லா கிரீஸை அப்பிட்டேன். இனிமே சத்தமில்லாம பூனை மாதிரி போகும். காசெல்லாம் வேணாம், நம்ம அன்பளிப்பு…"

சிரித்துக்கொண்டே ரெய்னோவைப் பார்த்தான். ரெய்னோ பார்த்துக்கொண்டிருந்த வெறும் சாலையைப் பார்த்தான். எதிரே நின்ற ஐலியைப் பார்த்தான்.

மறுபடி ரெய்னோவின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். துணியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

ஐலி இறங்கி வண்டியை டேரன் பக்கம் நகர்த்தினாள். குரலில் கோபம் இல்லை, பதற்றமும் இல்லை.

"தொடச்சிடு. ஒரு பொட்டு விடாம."

டேரன் பின்சக்கரத்தைக் கழற்றினான்.

கொஞ்ச நேரத்தில் அதே சரிவிலிருந்து, ஒரு கூடைச் சில்வண்டுகளைக் கவிழ்த்த மாதிரி, கடுகு நிற வண்டி கத்திக்கொண்டு இறங்கியது. ரெய்னோவின் முகம் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. மேலிருந்து கீழே, பெஞ்சைத் தாண்டி, தெருமுனை வளைவு வரைக்கும் ஒரு நூல்கூட விலகாமல் கூடவே திரும்பியது.

மடியிலிருந்த பாஸ்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தான். பெஞ்சின் பின்னால் கைவிட்டுத் துழாவி ஹெல்மெட்டை எடுத்தான்.

"ஐலி! டிரக்குலேர்ந்து என் வண்டிய எறக்கு. நீ முன்னால போ."