ஆமென் வரைக்கும்

சொல்லியாகிவிட்டது.

வாயை விட்டுப் போன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது.

"ஆண்டவரே, எங்கள் எப்சிபாவின் தகப்பனார் சிறையில் படுகிற பாட்டைப் பாரும். அவருக்கு ஜாமீன் கிடைக்க இரங்கும்."

அதுவரை ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் "ஆமென்" என்று முனகிக்கொண்டிருந்த நாற்பது பிள்ளைகளும் இதற்கு முனகவில்லை.

கண்ணைத் திறந்தாள். ஜெபம் நடத்துகிறவள் திறக்கக் கூடாதுதான்.

கொடைக்கானல் முகாம் வீட்டுக் கூடம். ஞாயிற்றுக்கிழமை மதியம். வாலிபர் முகாமின் கடைசி ஜெபம். ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் குனிந்த தலைகள். எல்லாக் கண்களும் மூடியிருந்தன.

ஒரு ஜோடியைத் தவிர.

மூன்றாவது வரிசையில் இருந்து எப்சி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வெந்நீர் அண்டாவுக்கு முன்னால், வாளியோடு நிற்கும்போது சொன்ன பிள்ளை. அப்பா மஸ்கட்டில் இல்லை அக்கா, ஜெயிலில் இருக்கிறார். எட்டு மாசமாகச் சபையில் எல்லாரிடமும் மஸ்கட் என்றுதான் சொல்லிவருகிறோம். உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

ஜெபத்தில் வைத்துக்கொள்கிறேன்டா என்றாள் இவள். மனசாரத்தான் சொன்னாள், பாவம். ஜெபத்தில் உருகிப் போகும்போது வாய்க்கு யார் காவல் இருக்கிறார்கள்?

இப்போது ஆமென் என்று முடித்தால் போதும். அத்தனை கண்களும் திறக்கும்.

அத்தனையும் மூன்றாவது வரிசைக்குத் திரும்பும்.

எப்சியின் முகம் நனைந்திருந்தது. கைக்குட்டையைத் தேடினாள். இல்லை. வாசலைப் பார்த்தாள். நடுவில் எத்தனை முழங்கால்கள்.

இவள் முடிக்கவில்லை.

சபைக்காக ஜெபித்தாள். போதகரின் சர்க்கரை வியாதிக்காக. பாதியில் நிற்கிற கோபுரத்துக்காக. மூன்று வேளையும் சமைத்துப் போட்ட அண்ணாச்சியின் இடுப்பு வலிக்காக. பரீட்சை எழுதப் போகிறவர்களுக்காக, எழுதித் தோற்றவர்களுக்காக.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

ஓட்டுநருக்காக ஜெபித்தாள். கொண்டை ஊசி வளைவுகளுக்காக. பிரேக்குக்காக.

"அக்கா இன்னைக்கு நம்மள ஊருக்கு விடமாட்டாங்கல," என்றான் பின்வரிசையில் ஒருவன், மெல்ல.

"சும்மா கெட. கண்ண மூடுல."

எப்சி துப்பட்டா நுனியால் ஒரு கன்னத்தைத் துடைத்தாள். மறுகன்னம் அதற்குள் நனைந்துவிட்டது.

இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும்.

மழைக்காக ஜெபித்தாள். மழை போதும் என்றும் ஜெபித்தாள். ஆளுகிறவர்களுக்காக, ஆளப்படுகிறவர்களுக்காக. கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது என்று தேடினாள்.

ஒன்றுதான் மிச்சம்.

"அடியாளின் நாவை மன்னியும்," என்றாள்.

அதையும் மேலே பார்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

எப்சி அசையவில்லை.

அதற்குப் பிறகு இவளுக்கு வார்த்தை வரவில்லை. கூடத்தில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ செருமினார்கள். இன்னும் ஒரு மூச்சு விட்டால் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்துவிடுவார்கள்.

எப்சி முகத்தை இரண்டு கையாலும் அழுந்தத் துடைத்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். எழுந்து நின்றாள்.

"ஆமென்," என்றாள். தெளிவான குரல்.

"ஆமென்!" என்றார்கள் அத்தனை பேரும், விட்டால் போதும் என்று.

மற்றப் பிள்ளைகள் எல்லாரும் கண் திறந்தார்கள். எப்சி நிமிர்ந்து நின்று, பார்க்கிறவர்களை எல்லாம் பார்த்தாள்.

அப்போதுதான் ஜெபம் நடத்தியவள் தன் கண்களை மூடிக்கொண்டாள்.