பன்னிரண்டாம் தேதி

“பன்னிரண்டாம் தேதி ஊரைவிட்டுக் கிளம்பினவ, பதினஞ்சாம் தேதி அதே ஊர் ஆஸ்பத்திரியில எப்படிக் கைக்கு மாவுக்கட்டு போட்டுக்கிட்டே? வாயைத் திற!”

வக்கீலம்மா மேஜையைத் தட்டிய தட்டில், அகதிகள் உதவி மையத்தின் கூடமே திரும்பிப் பார்த்தது. வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார்.

“இந்தம்மாவைத் தாண்டுறதுக்கு, நாம தாண்டி வந்த எல்லையே தேவலாம்.”

எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி தலையை நிமிர்த்தவில்லை. நாளைக் காலை அவளுக்கு விசாரணை. அதிகாரி நம்பினால் அவளும் குழந்தையும் இங்கேயே பிழைத்துக் கிடக்கலாம். நம்பாவிட்டால், தப்பி வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“தெரியலைம்மா...”

“தெரியலையா? ஃபாரம், ஆஸ்பத்திரிச் சீட்டு ரெண்டும் நீ கொடுத்ததுதானே? எது பொய்?”

பக்கத்து மேஜையில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு வருஷமாகச் சம்பளம் இல்லாமல் இங்கே வருகிறவர். நல்லவனாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவருக்கு எப்போதாவது சந்தேகம் வரும். இன்றைக்கு வரவில்லை.

“கொஞ்சம் தன்மையாக் கேளுங்கம்மா. நொந்து வந்தவங்க.”

“நாளைக்கு அங்க உட்கார்ந்திருக்கிறவர் இதைவிடத் தன்மையாக் கேட்பார் சார். சிரிச்சுக்கிட்டே கேட்பார். கேட்டுட்டு, ‘பொய் சொல்றா’ன்னு எழுதிட்டுப் போயிடுவார்.”

“அதுக்காக அழவைக்கணுமா?”

“இங்க அழுதா முகம் கழுவிக்கலாம். அங்க அழுதா?”

வாத்தியாருக்குச் சுள்ளென்றது. இப்படிப்பட்டவர்கள் எல்லாம் உதவி செய்ய வரவில்லையென்று யார் அழுதார்கள்?

வக்கீலம்மா மறுபடி அவள் பக்கம் திரும்பினார்.

“சரி, இந்த ஃபாரத்தை யாரு எழுதினது?”

“நானேதாம்மா.”

“நீயா? கையெழுத்துக்குப் பதிலா ரேகை வெச்சவ நீ!”

ஃபாரம் பறந்து வந்து வாத்தியாரின் மேஜையில் விழுந்தது.

“நீங்களே பாருங்க சார். எழுதினவங்க ‘தப்பு என்னோடது’ன்னு எழுதிக் கொடுத்தா இன்னிக்கே திருத்திடலாம். அப்புறம் அந்த ஆளை இந்த மையத்துல பேனா பிடிக்க விடமாட்டாங்க, அது வேற விஷயம். இவ சொன்னாத்தானே!”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

குண்டு குண்டான எழுத்து. முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய எழுத்து.

ஃபாரம் எழுதிய அன்றைக்கு அவள், “கிளம்பின தேதி ஞாபகம் இல்லைண்ணா” என்றுதான் சொன்னாள். காலியாக விட்டால் அதிகாரி சந்தேகப்படுவாரே என்று பரிதாபப்பட்டு, வாய்க்கு வந்த ஒரு தேதியை இவர்தான் போட்டார்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“எழுதினது... நான்தாம்மா.”

வக்கீலம்மா கத்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அவ்வளவுதான்.

வாத்தியார் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். வக்கீலம்மா தாளை வாங்கிக்கொண்டு, திருத்த மனு தட்டச்சு செய்ய உள்ளே ஓடினார்.

“ஏம்மா,” தையல்காரியை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை, “என்னைக் கைகாட்டியிருக்கலாமே? உங்க குழந்தை விஷயமாச்சே!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்படிண்ணா? இந்த ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. என்னை முதல்ல உட்காரச் சொல்லிட்டு, அப்புறம் பேச ஆரம்பிச்சது நீங்க ஒருத்தர்தானே!”