பட்டைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

வளைகாப்புப் பந்தியில் பாயசம் பரிமாறும்போது எல்லார் போனும் ஒன்றாக அதிர்ந்தது. குழந்தையின் துடிப்பையும் அசைவையும் கணக்கெடுக்க இலக்கியா வயிற்றில் கட்டியிருந்த பட்டை, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்பியிருந்தது: ‘சிசுவின் இதயத்துடிப்பு இல்லை. வருந்துகிறோம்.’

ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா சிஸ்டர் இலக்கியாவிடம் முதலில் அதைத்தான் கேட்டார்.

“கடைசியா எப்பம்மா குழந்தை அசைஞ்சுது?”

அவள் கை தன்னால் போனைத் தேடியது.

“அதுல பாக்காதே. உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

தெரியவில்லை. எல்லாவற்றையும் பட்டைதான் பார்த்துக்கொண்டதே. வயிற்றில் கை வைத்து அவள் ஒரு நாளும் காத்திருந்ததில்லை.

டாக்டர் ஸ்கேன் கருவியை வைத்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“கண்ணைத் திறம்மா. இதயம் ஜம்முன்னு துடிக்குது பார்.”

இலக்கியாவுக்கு அழுகை பீறிட்டது. சிஸ்டர் கழற்றி வைத்த பட்டையைத் திருப்பிப் பார்த்தார். துடிப்பைப் பிடிக்கும் உள்பக்கக் கண்ணாடியை மறைத்துக் கண்மை கெட்டியாக அப்பியிருந்தது.

மாமியார் மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். “ஊரே போன்ல புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கு. கண்ணு பட்டுடுமேன்னு நான்தான் பொட்டு வெச்சேன்.”

“இனிமே அசைவு குறைஞ்சா, பட்டை என்ன சொன்னாலும் ஓடி வந்துடு” என்றார் சிஸ்டர்.

துக்கம் விசாரிப்பதில் மட்டும் சொந்தக்காரர்களுக்குச் சோம்பலே கிடையாது. வீடு திரும்பும் காரில் போன்கள் ஓயாமல் அடித்தன. மரகதம் ஒன்றை எடுக்கப் போனாள். இலக்கியா அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

“அது அடிக்கட்டும் அத்தை. பேசாம இருங்க, இப்ப மறுபடி உதைக்கும்.”