படம் முடிந்தபின் தேநீர்

குப்புறப் படுத்திருந்தேன். பலகையின் இரண்டு குழிகளுக்குள் என் மார்புகள் தொங்கிக்கொண்டிருந்தன.

இடது பக்கம் கொஞ்சம் சிறியது. புற்றுக்கட்டியை எடுத்து, கதிர்வீச்சு கொடுத்து, இரண்டு வருடம் ஆகிறது.

இதே பலகையில் பதினொரு வருடமாக மற்றவர்களைப் படுக்க வைத்தவள் நான். எங்கள் ஊர் டிமாருவின் மருத்துவமனையில் இந்த எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் நைரியும் நானும்தான்.

காதில் மாட்டியிருந்த கருவியில் நைரியின் குரல் வந்தது.

“அசையாதடி ரேவின். படம் கலங்கிப்போச்சுன்னா, ஒழுங்கா படுக்கத் தெரியாதவள்னு எழுதி வாசல்ல ஒட்டிருவேன்.”

சிரித்தால் மார்பு ஆடும். சிரிக்கவில்லை.

கை நரம்பில் மருந்து சில்லென்று ஏறியது. பழைய தழும்பு அதை வாங்காமல் சும்மா கிடக்கவேண்டும். புதிதாக ஏதாவது முளைத்திருந்தால், மருந்தைக் குடித்துப் படத்தில் வெள்ளையாக எரியும்.

இயந்திரம் தட்டித் தட்டி ஓய்ந்தது.

பார்த்ததைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. படம் சுத்தமாக இருந்தால், கார் நிறுத்துமிடத்துக்கு வழி காட்டி அனுப்பிவிடுவோம். வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், உட்காரவைத்து எங்கள் கையால் தேநீர் போட்டுக் கொடுப்போம்.

பலகை வெளியே வந்தது. நைரி என் முதுகில் துணியை இழுத்துவிட்டாள்.

“டீ குடிச்சிட்டுப் போ,” என்றாள்.

உடையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

ஓய்வறை மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. தட்டில் இஞ்சி பிஸ்கட். நைரி எதிரில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி ஐந்து எண்ணினேன். வழக்கமாக அதற்குள் ஊறிவிடும். கடித்தேன். கல் மாதிரி இருந்தது.

கோப்பையைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. மேலே ஏடு படிந்திருந்தது.

அதைப் போட்டு முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். என்னைப் பலகையில் படுக்கவைப்பதற்கு முன்னால். ஒரு படம்கூட எடுப்பதற்கு முன்னால். படம் எப்படி வந்தாலும் எனக்குத் தேநீர் உண்டு என்று அவள் அப்போதே முடிவு செய்திருக்கிறாள்.

நைரி இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வியாழக்கிழமை சொல்வார்.

ஆறின தேநீரை இருவரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.