டேட்டா டாக்டர்

"பெரிய ஓட்டை எதுவும் இல்ல மொரீன். சின்னச் சின்னதா ஒரு டஜன் இருக்கு. ஒவ்வொண்ணா அடைச்சிடுவோம்" என்றபடி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் டெல்பெர்ட்.

குளிர்காலத்தைக் கழிக்க அரிசோனா பாலைவனத்துக்கு வந்து நிற்கும் வண்டிவீடுகளில், மொரீனுடையது டெல்பெர்ட்டின் வண்டிக்கு முப்பதடி தள்ளி நின்றது. அங்கே தண்ணீர் அளவு, மின்சாரம் அளவு, இணையமும் அளவு. வண்டிக்கு ஒரு வைஃபை பெட்டி, பெட்டிக்கு மாதம் ஐம்பது ஜிபி. டிசம்பரில் மொரீனுக்கு அது பத்தாம் தேதியே தீர்ந்துவிட்டது. இது ஜனவரி நான்கு.

"நான் சமையல் வீடியோ மட்டும்தானே பாக்குறேன்?"

"நீங்க பாக்குறது கொஞ்சம். உங்களுக்குத் தெரியாம இது குடிக்கிறதுதான் அதிகம்." எதையும் பிரித்துக் காட்டி விளக்குவதென்றால் டெல்பெர்ட்டுக்குப் பசி மறந்துவிடும். "இதோ, உங்க ஃபோட்டோவையெல்லாம் தானா மேல அனுப்பிக்கிட்டே இருக்கு. நிறுத்தியாச்சு. ஒரு வீடியோ முடிஞ்சா, நீங்க கேக்காமலே அடுத்தது ஓடுது. அதுவும் நிறுத்தியாச்சு. இப்ப முக்கியமானது. உங்க பெட்டியோட பேர் இருக்குல்ல, அதுக்கு எதிர்ல 'அளவுள்ள இணைப்பு'ன்னு ஒரு குறி போடுறேன். இனிமே இந்தப் பெட்டில இருந்து வர்ற டேட்டாவைக் குடிக்கிறப்போ கணினி பத்தியம் இருக்கும்."

"கடைசில என் கம்ப்யூட்டருக்கே பத்தியமா!"

"அப்டேட் ஒண்ணு பாக்கி கிடக்கு. நாலு ஜிபி."

"ஐயையோ, வேண்டாம்!"

"பயப்படாதீங்க, என் டேட்டால இறக்கித் தர்றேன். இங்க விருந்துக்கு வர்றவங்களே நாற்காலியும் தட்டும் கொண்டுட்டுத்தானே வர்றாங்க? ரிப்பேருக்கு வர்றவன் மட்டும் வெறுங்கையோட வரலாமா?"

திரும்பி வரும்போது அவர் கையில் மொரீன் சுட்டுக் கொடுத்த பீச் பழ கேக் இருந்தது.

"ஊருக்கெல்லாம் டாக்டர்!" என்றாள் மனைவி ஓபல். "வைத்தியம் பாத்தது போதும், இருபத்தொன்பதாம் தேதிக்கு மிச்சம் வை. ஜானிஸ் நீதிபதியா பதவி ஏத்துக்கிறதை நான் பாத்தே ஆகணும்."

ஜானிஸ் அவர்களுடைய ஒரே மகள். பதவியேற்பு மினசோட்டாவில். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த ஓபலால் அவ்வளவு தூரம் பயணம் செய்ய முடியாது. நேரடி ஒளிபரப்பு ஒன்றுதான் வழி.

"ரெண்டு ஜிபி போதும். நாற்பது மிச்சம் வச்சுக் காட்டுறேன் பார்."

ஆனால் பதினைந்தாம் தேதி பெட்டியின் சின்னத் திரையில் மிச்சம் இருபது என்று காட்டியது. டெல்பெர்ட் தன் கணினியையும் பட்டினி போட்டார். வீடியோ கிடையாது. படங்கள் கிடையாது. மின்னஞ்சலில் எழுத்து மட்டும். ஓபலின் கைபேசிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. இருபத்திரண்டாம் தேதி மிச்சம் பத்து.

"யாரோ திருடுறாங்க டெல்பெர்ட்."

"அது நடக்காது. கடவுச்சொல் இருபத்திரண்டு எழுத்து. இந்தப் பாலைவனத்துல என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. உனக்கே தெரியாது."

"எனக்கு வேற நல்ல விஷயங்கள் ஞாபகம் வச்சுக்க இருக்கு."

இருபத்தொன்பதாம் தேதி காலை. ஓபல் நீலச் சட்டை போட்டு, காதில் முத்து மாட்டி, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணிக்கு ஒளிபரப்பு. பத்தேமுக்காலுக்கு டெல்பெர்ட் பெட்டியைப் பார்த்தார். பூஜ்யம்.

கூடுதலாக வாங்க வேண்டுமென்றால் நாற்பது மைல் தள்ளி ஊருக்குப் போக வேண்டும். ஓபல் காதிலிருந்த முத்தைக் கழற்றத் தொடங்கினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"மொரீன் இருக்காங்களே! அவங்க கணக்குல நிச்சயம் மிச்சம் இருக்கும். நான்தானே சரி பண்ணேன்? நீ மெதுவா வா" என்று முப்பதடியையும் ஓடிக் கடந்தார்.

"வாங்க டாக்டர்!" என்றாள் மொரீன். "உங்களைக் கூப்பிடத்தான் கிளம்பினேன்."

"மொரீன், உங்க டேட்டால மிச்சம் இருக்கா?"

"மிச்சமா? தொடவே இல்ல! போன வருஷத்து சமையல் போட்டி முழுசையும் பாத்து முடிச்சுட்டேன், கண்ணாடி மாதிரி படம். அப்டேட்டெல்லாம் அதுபாட்டுக்கு வந்து இறங்குது. ஃபோட்டோ எல்லாம் மேல போய்ச் சேர்ந்தாச்சு. ஆனா கணக்குல பாத்தா செலவு பூஜ்யம்! இந்த வரிசை வண்டிக்காரங்க எல்லார்கிட்டயும் உங்க கைராசியைப் பத்தித்தான் பேச்சு."

டெல்பெர்ட்டின் முகத்தில் ஒரு கணம் பெருமை வந்தது. வந்த வேகத்திலேயே குழப்பமாக மாறியது. பத்தியம் இருக்கிற கணினியில் அப்டேட் எப்படி இறங்கும்?

"சீக்கிரம் உங்க பெட்டியைப் போடுங்க மொரீன். ஜானிஸ் பதவியேற்பு, அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"பெட்டியா? அதான் தேவைப்படலையேன்னு நேத்துக் காலையிலயே கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டேன்."

"அப்போ நேத்து சாயந்திரம் வீடியோ பாக்கலையா?"

"எப்பவும் போலத்தான் பாத்தேன். இன்னைக்குக் காலையிலதான் திடீர்னு நின்னுடுச்சு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடக் கிளம்பினேன்."

வாசலில் ஓபல் ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் மடக்கு நாற்காலியுமாக வந்து நின்றாள்.

டெல்பெர்ட் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். திரையின் மூலையில், அளவுக் குறி எதுவும் இல்லாமல், அவருடைய பெட்டியின் பெயர் இருந்தது. அதற்குரிய இருபத்திரண்டு எழுத்துகளையும், மூன்றரை வாரத்துக்கு முன்பு, இதே மேசையில் உட்கார்ந்து, அந்த நாலு ஜிபி அப்டேட்டுக்காக ஒவ்வொன்றாகத் தட்டியவர் அவரேதான்.