சொந்தச் சுவர்

உமையாளின் கணையத்தில் தோன்றிய கட்டி, மூன்று முறை மருந்து ஏற்றிய பின்னரும் சுருங்கவில்லை. மருத்துவர் கணினித் திரையில் காரணத்தைச் சுட்டினார். கட்டியைச் சுற்றி நார்த்திசு சுவர்போல் இறுகியிருந்தது. மருந்து அதைக் கடந்து உள்ளே செல்லவில்லை.

“சுவரை எழுப்புனது யாரு டாக்டர்?” என்று உமையாள் வினவினாள்.

“உங்க உடம்போட நல்ல செல்லுங்கதாம்மா. கட்டி அதுங்களத் தன் பக்கம் இழுத்துக்கிச்சு.”

உமையாள் கணவர் மெய்யப்பனை நோக்கினாள். “உங்க அக்காமாரு உங்கள இழுத்துக்கிட்ட மாதிரி.”

அவர் சிரிக்கவில்லை, நாற்காலியில் இருப்புக்கொள்ளாது அசைந்தார்.

அச்சுவரைத் தளர்த்தும் புதிய மருந்து ஒன்று உண்டு என்றார் மருத்துவர். வழி திறந்தால் மருந்து உள்ளே செல்லும். கட்டி வெளியே பரவவும் கூடும். அவர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். உமையாள் பேனாவை எடுத்தாள். மெய்யப்பன் அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

“வேணாம். நல்லா நடமாடிக்கிட்டுத்தானே இருக்க. இப்படியே இருந்துட்டுப் போகட்டும்.”

“கைய விடுங்க.”

அவர் விடவில்லை. அந்தப் பிடியில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை அவள் அறிவாள். ஆகையால் அவள் கையை இழுக்கவில்லை. பேனாவை மட்டும் இடக்கைக்கு மாற்றினாள். தாளில் கோணலாக ஓர் ‘உ’ விழுந்தது.